சாய்வு ஒளிந்திருக்கும் இடங்கள்

அலுவலகக் கூட்டம் ஒன்றில் ஒருவர் மூன்று கேள்விகள் கேட்கிறார். வெளியே வந்தபிறகு அதைப் பற்றிப் பேச்சு வருகிறது. “மூணு கேள்வி கேட்டார்” என்கிறார் ஒருவர். “விடாமல் குடைந்துகொண்டே இருந்தார்” என்கிறார் இன்னொருவர். “கூட்டத்தைக் கெடுப்பதே அவருக்கு வேலை” என்கிறார் மூன்றாமவர். மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே காட்சியைப் பார்த்தவர்கள். தாங்கள் பொய் சொல்வதாக மூவரில் யாருக்குமே தோன்றாது.

முதல் வாக்கியத்தை மறுக்க முடியும். “மூன்று இல்லை, இரண்டுதான்” என்று சொல்லலாம். கூட்டத்தின் பதிவு இருந்தால் போட்டுப் பார்த்துவிடலாம். இரண்டாவதில் பாதி காட்சி, பாதி தீர்ப்பு. எத்தனை கேள்வி கேட்டால் அது குடைச்சல் என்பதற்கு யாரிடமும் கணக்கு இல்லை. மூன்றாவதை எதிர்த்து என்ன சொல்வது? அவருடைய நோக்கத்தைப் பற்றியும், அவர் இதுவரை உட்கார்ந்த எல்லாக் கூட்டங்களைப் பற்றியும் ஒரே மூச்சில் முடிவு சொல்லியாயிற்று. எந்தப் பதிவைப் போட்டுக் காட்டினாலும் அந்த வாக்கியம் அசையாது. நியாயமான கூற்றையும் சாய்வான கூற்றையும் பிரித்துப் பார்க்க என்னிடம் உள்ள முதல் அளவுகோல் இதுதான்: நியாயமான கூற்று, எதிரே இருப்பவர் மறுப்பதற்கு இடம் விட்டு வைக்கும். தப்பாக இருந்தால் தப்பு என்று காட்ட முடியும்.

வசைச் சொல்லைக் கண்டுபிடிக்க யாருக்கும் பயிற்சி தேவையில்லை. அது தானே சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். சிக்கல், சத்தம் போடாத சொற்களில்தான். விக்கிப்பீடியாவில் நடுநிலையாக இல்லை என்று சொல்லித் திருத்தப்பட்ட வாக்கியங்களை மார்த்தா ரெக்காசன்ஸ் என்ற மொழியியல் ஆய்வாளரும் இன்னும் இருவரும் எடுத்து ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். திருத்துவதற்கு முன்பிருந்த வாக்கியத்தைக் கொடுத்து, இதில் சாய்வான சொல் எது என்று சாதாரண வாசகர்களிடமும் கேட்டுப் பார்த்தார்கள். பாதித் தடவைகூட அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. காரணம், திருத்தப்பட்ட சொற்களில் பல, நிறம் பூசிய பெயரடைகள் இல்லை. ஒரு தகவல் எவ்வளவு உண்மை என்பதை ஓசைப்படாமல் முடிவு செய்துவிடும் வினைச்சொற்கள் அவை. நாமும் அங்கிருந்தே தொடங்கலாம்.

“சொன்னார்” போதாதா?

ஒருவர் பேசியதை இன்னொருவரிடம் சொல்லும்போது கடைசியில் ஒரு வினைச்சொல் போட்டாக வேண்டும். “பணம் வரவில்லை என்று சொன்னார்.” இதில் பிரச்சினை இல்லை. “பணம் வரவில்லை என்று ஒப்புக்கொண்டார்” என்றால், அதுவரை எதையோ மறைத்துக்கொண்டிருந்தார் என்று ஆகிவிடுகிறது. “சுட்டிக்காட்டினார்” என்றால் பணம் உண்மையிலேயே வரவில்லை, சொன்னவர் விவரமானவர். “மழுப்பினார்” என்றால் பணம் அனேகமாக வந்திருக்கிறது. “சாதித்தார்” என்றால் வந்ததற்குச் சாட்சியே இருக்கிறது. “புலம்பினார்” என்றால் வந்ததோ வரவில்லையோ, நாம் காது கொடுக்க வேண்டியதில்லை. அவர் வாயிலிருந்து வந்த ‘பணம் வரவில்லை’ என்ற இரண்டு சொற்களும் எங்குமே மாறவில்லை. மாறியது நம்முடையது.

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் நியாயமான இடம் உண்டு. நேற்றுவரை மறுத்துவிட்டு இன்று ஆமாம் என்பவரைப் பற்றி ‘ஒப்புக்கொண்டார்’ என்று எழுதுவதுதான் சரி. அங்கே ‘சொன்னார்’ என்றால்தான் எதையோ பூசி மெழுகுகிறோம் என்று பொருள். ஆகவே சொல்லைப் பார்த்து மட்டும் தீர்ப்பு சொல்ல முடியாது. அந்தச் சொல் சுமந்து வரும் முன்கதை நடந்ததா என்று பார்க்க வேண்டும். இரண்டு தரப்பு மோதும் செய்தி எதையாவது எடுத்து, ஒவ்வொரு தரப்பின் பேச்சுக்கும் போட்டிருக்கும் வினைகளை மட்டும் பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் விளக்கினார், தெரிவித்தார், நினைவூட்டினார் என்றும், மறு பக்கம் குற்றம் சாட்டினார், ஆவேசப்பட்டார், சமாளித்தார் என்றும் வரிசையாக வந்தால், செய்தியின் மற்ற வரிகளைப் படிக்காமலேயே அது எழுதப்பட்ட நாற்காலி எங்கே கிடந்தது என்று தெரிந்துவிடும்.

தமிழில் இன்னொரு வசதியும் இருக்கிறது: ‘ஆம்’. தானே பார்க்காததை, காதில் விழுந்ததாகச் சொல்ல வைத்திருக்கும் நேர்மையான விகுதி அது. “அவர் ஊருக்குப் போயிருக்கிறாராம்” என்றால், நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள் என்று பொருள். பல மொழிகளில் இதற்கு ஒரு தனி வாக்கியமே தேவைப்படும். ஆனால் இதே விகுதி எப்படிச் சாயும் என்று பாருங்கள். காலையில் இரண்டு பேர் போன் செய்து விடுப்பு கேட்கிறார்கள். மேலதிகாரியிடம் செய்தி இப்படிப் போகிறது: “முதலாமவருக்கு உடம்பு சரியில்லை. இவருக்கும் உடம்பு சரியில்லையாம்.” இரண்டையும் கேட்டது போனில்தான். இரண்டிலும் கேட்டவருக்குத் தெரிந்தது ஒரே அளவுதான். ஒருவருடைய காய்ச்சல் உண்மையாகி, இன்னொருவருடையது சந்தேகமாகிவிட்டது. எழுத்தில் ஒற்றை மேற்கோள் குறி இதே வேலையைச் செய்யும்: ‘நிபுணர்’, ‘தியாகி’ என்று குறிக்குள் போட்டால் போதும், மறுப்பு ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

வினையின் வாலில்

ஒரு ஆளைப் பற்றித் தமிழில் வினைமுற்று எழுதும்போது மரியாதைக் கணக்கைத் தவிர்க்கவே முடியாது. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. நான்கில் ஒன்றைப் போட்டால்தான் வாக்கியம் முடியும். அதனால் தமிழில் சாய்வு நுழைவதற்குச் சொல்கூட வேண்டாம், சொல்லின் வால் போதும்.

குற்றச் செய்திகளில் இது பளிச்சென்று தெரியும். “லாரி ஓட்டுநர் தப்பி ஓடினான்.” “நிறுவன இயக்குநர் தலைமறைவானார்.” இருவருமே குற்றம் சாட்டப்பட்டவர்கள், இருவர் மீதும் வழக்கு முடியவில்லை. ஒருவருக்கு ‘ஆன்’, ஒருவருக்கு ‘ஆர்’. ஓடுவதற்கும் தலைமறைவாவதற்கும் உள்ள வித்தியாசத்தைக்கூட விட்டுவிடுவோம், அந்த வால் மட்டுமே யாருக்கு எவ்வளவு மதிப்பு என்று சொல்லிவிடுகிறது. ஒரே செய்தியில் கணவர் ‘கூறினார்’ என்றும் மனைவி ‘கூறினாள்’ என்றும் வருவதும் அப்படித்தான். எழுதியவரைக் கேட்டால், கவனிக்கவே இல்லை என்பார். உண்மையாகத்தான் இருக்கும்.

பேச்சில் கொஞ்சம் நிதானம் வேண்டும். “பாப்பா வந்துச்சு” என்பதில் பிரியம் இருக்கிறது. நண்பனை ‘அவன்’ என்பதில் உரிமை இருக்கிறது. அதே ‘வந்துச்சு’வை அலுவலகத்தில் பொறுப்பில் இருக்கும் பெண்ணுக்குப் போட்டால் அது பிரியமாக இருக்காது. எழுத்தில் எனக்குப் பிடித்த வழி, எல்லாருக்கும் ‘ஆர்’ போட்டுவிடுவது. “கொலை செய்தவனுக்கும் ஆர் விகுதியா?” என்று கேட்பவர்கள் உண்டு. அது அவருக்குக் கொடுக்கும் மரியாதை இல்லை. குற்றம் உறுதியாவதற்கு முன்பே விகுதியால் தண்டித்துவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு. அது முடியாது என்றால், குறைந்தது ஒரே நிலையில் இருப்பவர்களுக்கு ஒரே விகுதியாவது போட வேண்டும்.

வாலைத் தாண்டினால் இடைச்சொற்கள். “படிக்காதவர்தான், ஆனாலும் நேர்மையானவர்.” பாராட்டுப் போலத்தான் ஒலிக்கிறது. ஆனால் ‘ஆனாலும்’ அங்கே நிற்க வேண்டுமென்றால், படிக்காதவரிடம் நேர்மையை எதிர்பார்க்க முடியாது என்ற எண்ணம் அடியில் இருந்தாக வேண்டும். “பெண்ணாக இருந்தும் துணிச்சலாக முடிவெடுத்தார்” என்பதை, “ஆணாக இருந்தும் துணிச்சலாக முடிவெடுத்தார்” என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். இரண்டாவது வாக்கியம் இலக்கணப்படி சரி, ஆனால் காதுக்கு வினோதமாக இருக்கிறது. அந்த வினோதம்தான் முதல் வாக்கியம் எதைச் சொல்லாமல் சொன்னது என்பதற்கு ஆதாரம்.

பள்ளி இலக்கணத்தில் ‘இழிவு சிறப்பும்மை’ என்று ஒன்றைப் படித்திருப்போம். தேர்வுக்குப் பிறகு அதை மறந்துவிட்டாலும் அது நம்மை மறக்கவில்லை. “அவருக்கும் வேலை கிடைத்துவிட்டது.” இந்த ‘உம்’ மற்றவர்களோடு அவரையும் சேர்த்துச் சொல்லும் சாதாரண உம்மையாக இருக்கலாம். அவருக்கே கிடைத்துவிட்டது பார், என்ற இளக்காரமாகவும் இருக்கலாம். கேட்பவருக்கு எது என்று தெரியும். ஆனால் நேரே கேட்டால், “அவருக்கும் கிடைத்தது என்றுதானே சொன்னேன்” என்று நழுவிவிடலாம். துணைவினைகள் இதைவிடத் துணிச்சலானவை. அறிக்கை எழுதினார், அறிக்கை எழுதித் தள்ளினார். பேசினார், பேசிக் கிழித்தார். வந்தார், வந்து தொலைந்தார். இரட்டைக்கிளவி போல ஒலிக்கும் எதிரொலிச் சொற்கள் வேறு: “ஆய்வு கீய்வு என்று ஏதோ சொல்கிறார்கள்.” இந்த வரியில் அகராதியில் தேடிப் பிடிக்கக்கூடிய கெட்ட வார்த்தை ஒன்றுமில்லை. ‘கீய்வு’ என்ற பொருளில்லாத ஓசை ஒரு ஆய்வின் மதிப்பை முழுதாகக் கழித்துவிட்டது. கெட்ட வார்த்தைப் பட்டியல் வைத்து வெறுப்புப் பேச்சை வடிகட்டும் கணினி முறைகள் இதைக் கோட்டைவிட்டால் அதில் ஆச்சரியமில்லை.

செய்ததா, இருப்பதா?

இதுவரை பார்த்தவை ஒரு வாக்கியத்துக்குள் தேடினால் கிடைப்பவை. இனி வருவது தனியாக ஒரு வாக்கியத்தில் அகப்படாது.

ஒரு நிகழ்ச்சியை எந்த உயரத்தில் இருந்து சொல்கிறோம் என்பதை குன் செமின், கிளாஸ் ஃபீட்லர் என்ற இரு உளவியலாளர்கள் 1988இல் நான்கு படிகளாகப் பிரித்தார்கள். ஒரு சிறுவன் இன்னொருவனை உதைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ‘உதைத்தான்’ என்பது கண் பார்த்தது. ‘துன்புறுத்தினான்’ என்பதில் கொஞ்சம் பொருள்கோள் வந்துவிட்டது. ‘அவனை வெறுக்கிறான்’ என்றால் மனசுக்குள்ளேயே போய்விட்டோம். ‘முரடன்’ என்றால் உதை, உதைபட்டவன், நேரம், இடம் எல்லாம் மறைந்து ஒரு பிறவிக் குணம் மட்டும் மிஞ்சுகிறது. மேலே ஏற ஏற, சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு குறைகிறது. எப்போதும் இப்படித்தான் என்ற தொனி கூடுகிறது.

இத்தாலியின் ஃபெராரா நகரில் குதிரைப் பந்தயத்தில் போட்டியிடும் பேட்டைகளைச் சேர்ந்தவர்களிடம் ஆன் மாஸும் அவருடைய குழுவினரும் இந்தப் படிகளை வைத்து ஒரு சோதனை நடத்தி 1989இல் வெளியிட்டார்கள். தங்கள் பேட்டைக்காரர் நல்லது செய்யும் படம், கெட்டது செய்யும் படம், எதிர்ப் பேட்டைக்காரர் செய்யும் அதே மாதிரிப் படங்கள் ஆகியவற்றைக் காட்டி விவரிக்கச் சொன்னார்கள். தன் ஆள் நல்லது செய்தால் அது குணமாயிற்று. கெட்டது செய்தால் அன்றைக்கு நடந்த ஒரு செயலாயிற்று. எதிராளிக்கு அப்படியே தலைகீழ். யாரும் அவர்களை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை.

வீட்டுக்குள் இதைக் கேட்காதவர் இருக்க முடியாது. நம் பிள்ளை “ஏதோ கோபத்தில் ஒரு அடி போட்டுவிட்டான்.” அடுத்த வீட்டுப் பிள்ளை “அடாவடி.” நம் பிள்ளை பாட்டிக்குக் கை கொடுத்தால் “அவனுக்கு இளகின மனசு.” அடுத்த வீட்டுப் பிள்ளை அதையே செய்தால் “பரவாயில்லையே, இன்றைக்குக் கை கொடுத்தானே.” கடைசி வாக்கியத்தைத் தனியாக எடுத்தால் நல்ல வார்த்தைதான். அதன் கஞ்சத்தனம், பக்கத்தில் முந்தைய வாக்கியத்தை வைத்தால்தான் தெரியும். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1948இல் பிபிசி வானொலியில் இதை ஒரு வினைத்திரிபு வாய்ப்பாடு போலவே சொல்லிக் காட்டினார்: நான் உறுதியானவன், நீ பிடிவாதக்காரன், அவன் சொல்புத்தி கேட்காத முட்டாள். நாம் நம் கணக்கில் எத்தனையோ சேர்க்கலாம். நான் சிக்கனம், நீங்கள் கணக்கு பார்ப்பவர், அவர் கஞ்சன். நான் வெளிப்படையாகப் பேசுகிறேன், நீங்கள் கொஞ்சம் பட்டென்று பேசுகிறீர்கள், அவருக்கு வாய் நீளம்.

ஒரு ஆளைக் குணமாகச் சுருக்குவதற்கு அடுத்த படி, ஒரு கூட்டத்தையே சுருக்குவது. “இவங்களே இப்படித்தான்.” இந்த மாதிரிப் பொதுக்கூற்றின் வினோதம், அதை ஏற்றுக்கொள்ள மிகக் கொஞ்சம் ஆதாரம் போதும் என்பது. கொசுக்கள் மேற்கு நைல் வைரஸைப் பரப்புகின்றன என்றால் தலையாட்டுகிறோம். அந்த வைரஸைச் சுமப்பவை கொசுக்களில் 100க்கு 1கூட இல்லை. ஆனால் அதே வடிவத்தில் புதிதாக ஒன்றைக் காதில் வாங்கும்போது, கிட்டத்தட்ட எல்லாமே அப்படித்தான் என்று எடுத்துக்கொள்கிறோம். நுழையும்போது சின்னதாக நுழைந்து, உள்ளே வந்ததும் பெரிதாகிவிடும் வாக்கியம் இது. மார்ஜரி ரோட்ஸ், சாரா-ஜேன் லெஸ்லி ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வில் ‘சார்ப்பி’ என்று இல்லாத ஒரு மனிதக் கூட்டத்தை உருவாக்கி, நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் படக்கதையாகக் காட்டினார்கள். “சார்ப்பிகள் பொறிவண்டைக் கண்டால் பயப்படுவார்கள்” என்ற பாணியில் கேட்டவர்கள், “இந்தச் சார்ப்பி பயப்படுகிறார்” என்ற பாணியில் கேட்டவர்களைவிட அதிகமாக, அந்தக் குணங்கள் அந்தக் கூட்டத்தின் பிறப்போடு வந்தவை என்று நம்பத் தொடங்கினார்கள். இரண்டு பாணியிலும் கெட்ட எண்ணம் எதுவும் புகட்டப்படவில்லை. வாக்கிய வடிவம் மட்டும்தான் வேறு.

செய்தவர் காணாமல் போகும் வாக்கியங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடி உடைந்தது, தவறு நடந்துவிட்டது, வீட்டு வேலை எல்லாம் தானாக நடந்துவிடும். யார் உடைத்தது என்று உண்மையிலேயே தெரியாதபோது ‘உடைந்தது’ என்பதுதான் நேர்மை. தெரிந்தும் நம் ஆள் செய்யும்போது ‘உடைந்தது’, மற்றவர் செய்யும்போது ‘உடைத்தார்’ என்று மாறினால் மட்டுமே கவனிக்க வேண்டும்.

கேள்வியும் எண்ணும்

கேள்வி யாரையும் எதையும் சொல்லவில்லை என்று நினைப்பது வழக்கம். “அவர் திருந்திவிட்டாரா?” இதற்கு ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும், அவர் முன்பு மோசமாக இருந்தார் என்பது நின்றுவிடுகிறது. சாதாரண வாக்கியத்துக்கும் இந்தச் சோதனையைப் போடலாம்: மறுத்துப் பார்த்து, மறுத்தபின் எது மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். “மறுபடியும் தாமதமாக வந்தார்.” “இல்லை, மறுபடியும் தாமதமாக வரவில்லை.” முன்பு தாமதமாக வந்தார் என்பது இரண்டிலும் பத்திரமாக இருக்கிறது. விவாதிக்க வேண்டிய விஷயத்தை மறுக்க முடியாத பகுதியில் வைத்து அனுப்பிவிட்டார்கள் என்று அர்த்தம். இப்படிப்பட்ட கேள்விக்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்லாமல் கேள்வியையே பிரித்துப் பேசினால், “நேரா பதில் சொல்லுங்க” என்பார்கள். நேரான பதில் அங்கே கிடையாது.

கேள்வியில் ஒரு வினைச்சொல் மாறினால் கருத்து எவ்வளவு புரளும் என்பதற்கு அமெரிக்காவில் டொனால்ட் ரக் 1941இல் வெளியிட்ட கணிப்பு பழைய உதாரணம். ஜனநாயகத்துக்கு எதிரான பொதுப் பேச்சுகளை அனுமதிக்கலாமா என்று கேட்டபோது 100க்கு 62 பேர் கூடாது என்றார்கள். தடை செய்யலாமா என்று கேட்டபோது 46 பேர்தான் ஆமாம் என்றார்கள். அனுமதிக்காமல் இருப்பதும் தடை செய்வதும் ஒன்றுதான் என்று நாம் நினைத்தாலும், ‘தடை’ என்ற சொல்லின் முரட்டுத்தனம் பலரைப் பின்வாங்க வைத்தது.

நினைவைக்கூட இது தொடும். எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் வெளியிட்ட சோதனையில், கார்கள் மோதும் படத்தைப் பார்த்தவர்களிடம், ஒன்றையொன்று ‘நொறுக்கியபோது’ என்ன வேகம் என்று கேட்டால் சராசரியாக மணிக்குச் சுமார் 40 மைல் என்றும், ‘தொட்டபோது’ என்று கேட்டால் சுமார் 32 மைல் என்றும் பதில் வந்தது. இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். ‘நொறுக்கியபோது’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். ‘மோதியபோது’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

எண்ணைப் போட்டுவிட்டால் வாக்கியம் நியாயமாகிவிடும் என்ற நம்பிக்கையும் சரியில்லை. “100 பேர் மட்டுமே வந்தார்கள்”, “100 பேர் திரண்டார்கள்” என்பது எல்லாருக்கும் தெரிந்த விளையாட்டு. இதைவிடக் கனமான கதை ஒன்று உண்டு. 1995 அக்டோபரில் பிரிட்டனில் மருந்துப் பாதுகாப்புக் குழு, அப்போது புதிதாகப் புழக்கத்தில் இருந்த சில கருத்தடை மாத்திரைகளால் ரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று எச்சரித்தது. அது பொய்யில்லை. பழைய மாத்திரைகளில் 7,000 பெண்களில் 1 ஆக இருந்தது, இவற்றில் 7,000இல் 2 ஆகியிருந்தது. ‘இரண்டு மடங்கு’ என்ற சொல்லைக் கேட்ட பெண்கள் பலர் மாத்திரையையே நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின என்று மதிப்பிடப்பட்டது. நூற்றுக்கு நூறு உண்மையான சொல்லாலும் இவ்வளவு முடியும். எதிலிருந்து இரண்டு மடங்கு என்ற அடி எண்ணைச் சேர்த்திருந்தால் வாக்கியம் நாலு சொல் நீண்டிருக்கும், அவ்வளவுதான்.

எது சாய்வு இல்லை?

இவ்வளவையும் படித்தபின் எல்லாச் சொல்லிலும் சதி தெரியத் தொடங்கும். அதுவும் ஒரு நோய். காட்டமான சொல் எல்லாம் சாய்வு ஆகாது. கொலை என்று தீர்ப்பான ஒன்றைக் கொலை என்பதுதான் நியாயம். அதை ‘அசம்பாவிதம்’ என்று மெதுவாகச் சொல்வதுதான் சாய்வு. அதேபோல, நிதானமான குரலுக்கும் நடுநிலைக்கும் சம்பந்தமில்லை. மிக அமைதியான நடையில், ஒரு தரப்பின் காரணத்தை மட்டும் விட்டுவிட்டு எழுத முடியும். இரண்டு தரப்புக்கும் சம அளவு இடம் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்பதும் இல்லை; பூமி உருண்டை என்பவருக்கும் தட்டை என்பவருக்கும் ஆளுக்குப் பத்து வரி கொடுத்தால், அந்த ஏற்பாடே ஒரு பொய்.

சில சொற்களில் சண்டை தீராது. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ‘பயங்கரவாதி’ என்ற சொல்லைத் தன் குரலில் பயன்படுத்துவதைத் தவிர்க்கும். யார் அப்படிச் சொன்னார்கள் என்று மேற்கோளாகத்தான் போடும். என்ன நடந்தது, எத்தனை பேர் இறந்தார்கள், யார் செய்ததாகச் சொன்னார்கள் என்று எழுதினால் பெயர் சூட்டும் வேலை வாசகருடையது என்பது அவர்கள் வாதம். இது கோழைத்தனம் என்று திட்டுபவர்கள் உண்டு. செயலை முழுதாக விவரித்தால் பட்டப்பெயருக்கு வேலை குறைந்துவிடுகிறது என்பதால் நான் ராய்ட்டர்ஸ் பக்கம்தான் நிற்பேன். சில இடங்களில் நியாயமான சொல் என்பது இன்னும் துல்லியமான சொல்லாகவும் இருக்கும். “சக்கர நாற்காலியில் முடங்கியவர்” என்கிறோம். முடங்கவிடாமல் அவரை வெளியே கொண்டுபோவதே அந்த நாற்காலிதான். “சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்” என்பது நாகரிகத்துக்காக மட்டும் சொல்வது இல்லை, நடப்பதும் அதுதான்.

எல்லாரும் சொல்லித்தரும் சோதனை, ஆளை மாற்றிப் பார்ப்பது. நான் மேலே பல இடங்களில் செய்ததும் அதுவே. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. இருவர் நிலையும் ஒன்றாக இல்லாதபோது வாக்கியத்தை அப்படியே திருப்பிப் போடுவது ஏமாற்றிவிடும். “மேலாளர் ஊழியரை மிரட்டினார்” என்பதும் “ஊழியர் மேலாளரை மிரட்டினார்” என்பதும் சொல்லளவில் சமம். யாருடைய வேலை போகும் என்பதில் சமம் இல்லை.

இன்னொரு எல்லை நம் காதிலேயே இருக்கிறது. லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் 1982இல் பாலஸ்தீன அகதிகள் கொல்லப்பட்ட படுகொலையைப் பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் போட்டுக் காட்டினார்கள். ராபர்ட் வலோன், லீ ராஸ், மார்க் லெப்பர் 1985இல் அதை வெளியிட்டார்கள். ஒரே செய்தித் தொகுப்பைப் பார்த்த இரு தரப்பும், அது தங்களுக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது என்றார்கள். ஆகவே ஒரு வாக்கியம் நம்மைச் சுடுகிறது என்பது அது சாய்ந்திருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. நமக்கு இதமாக இருக்கும் வாக்கியத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதை யாரும் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை.

இவ்வளவு தெரிந்தும் சாய்வான வாக்கியங்கள் ஓயாததற்கு ஒரு எளிய காரணம் உண்டு. அவை சின்னவை. “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே கிடையாது” என்று ஒரு அப்பா சொல்கிறார். ஐந்தே சொற்கள், தலைமுறைக்கே தீர்ப்பு, கேட்பவர்கள் தலையாட்டியும் விடுகிறார்கள். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் வருவது வேறு: “போன வாரம் நான் பேசிக்கொண்டிருக்கும்போது என் மகன் இரண்டு தடவை நடுவில் எழுந்து போய்விட்டான்.” இது நீளம், சுவாரசியமும் குறைவு, யாரும் பகிர மாட்டார்கள். ஆனால் அடுத்த அறையில் இருக்கும் மகன் இதற்குப் பதில் சொல்ல முடியும்: ஒரு தடவை அம்மா கூப்பிட்டாள், இன்னொரு தடவை, ஆமாம், கோபத்தில்தான் போனேன்.